பதர் வரிசை

கீரமங்கலம் சாலையோரச் சோதனை வயலில் வெயில் ஏறுகிறது. நம்மூர் நெல்லையும் ஆப்பிரிக்க நெல்லையும் கலந்து ஆராய்ச்சியாளர் அமுதவல்லி வளர்த்த செடிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசை பச்சை மணி பிடித்துத் தலைசாய்ந்திருக்கிறது. மற்ற வரிசையின் கதிர்கள் விறைத்து வானம் பார்க்கின்றன. காற்றடித்தால் வெறும் உமி சலசலக்கிறது. வரப்பில் நிற்கும் மேலதிகாரி ரகுநாத் அதைத்தான் காட்டுகிறார். "இந்தப் பதரை அறுத்துப் போடுங்க மீனம்மா. நாளைக்குப் பெரிய ஆளுங்க பாக்க வாராங்க. வெளைஞ்சது மட்டும் நிக்கட்டும்."

வயல்வேலை செய்யும் மீனம்மாள் அரிவாளோடு இறங்க, அமுதவல்லி குறுக்கே வந்து நிற்கிறாள். அவள் நீட்டும் கைபேசியில் மரபணுச் சோதனைப் படம். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். "வெளைஞ்சதுல தாயோட கோடு மட்டுந்தான் சார் இருக்கு. தன் மகரந்தத்துலயே காய்ச்சது, கலப்பே இல்ல. பதர்லதான் தாய்க் கோடும் தகப்பன் கோடும் சேந்து நிக்கிது. ரெண்டு இனம் கலந்தா மொதல்ல இப்படித்தான் பதராகும். இது மறுபடி பூக்கும்போது நம்ம நெல்லு மகரந்தத்தை இதுலதான் தூவணும், அப்பத்தான் மணி பிடிக்கும்."

"பதரைக் காட்டுனா சிரிப்பாங்கம்மா" என்கிறார் ரகுநாத்.

"சிரிக்கட்டும். அறுக்க வேண்டியது வெளைஞ்சதைத்தான். அக்கா, அரிவாளைக் குடுங்க."

"பழுக்காத கதிரை அறுக்கலாமாங்க?" மீனம்மாளின் குரல் இறங்குகிறது, அரிவாள் கைமாறுகிறது. விளைந்த வரிசையின் முதல் தூரை அமுதவல்லி கைகொள்ளப் பிடித்து அறுக்கிறாள். பச்சைவாசம் எழுகிறது. கதிர்க்கொத்து ரகுநாத்தின் செருப்பருகே விழுகிறது. அவள் நிமிராமல் அடுத்த தூரைப் பிடிக்கிறாள்.

"நாளைக்குக் காட்ட, பதர் மட்டுந்தான் சார் இருக்கும்."