டாரன் சொல்லாத செலவுகள்

"ஹாம்ப்ஸ்டெட் மாதிரி பணக்கார ஏரியாவுல, இந்த விலைக்கு, ரெண்டு படுக்கையறை ஃப்ளாட்! கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றான் டாரன்.

வீட்டுத் தரகன். நீலக் கோட்டு, கூர்மூக்கு ஷூ, வாய் நிறையச் சிரிப்பு. லண்டனில் இந்த இனத்தைப் பார்த்தாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

மெரெடித்துக்குத் தோன்றவில்லை. ஏழு வருஷமாக ஓட்டல் இல்லை, சுற்றுலா இல்லை. வேலைக்குத் தினமும் ரொட்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த பணம், கடைசியில் இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறதே என்று பூரித்துப் போயிருந்தாள்.

"கானர், உன் தங்கச்சிக்கு ஹாம்ப்ஸ்டெட்னு விலாசம் எழுதி அனுப்பணும். வயிறு எரிஞ்சே போயிடுவா!"

"அவ எரியறது இருக்கட்டும். ஏன் இவ்வளவு மலிவுன்னு கேளு" என்றான் கணவன்.

கேட்டாள்.

"விக்கறவருக்கு அவசரம். குத்தகை விவரமெல்லாம் உங்க வக்கீல் பாத்துப்பார்" என்றான் டாரன். "கையெழுத்துப் போட வேண்டிய தாள் கார்ல இருக்கு. இங்க வாசல்லயே நில்லுங்க, வந்துடறேன்."

அவன் மாடிப்படி இறங்கியதும் அதே மாடியில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. கதவில் மிஸஸ் பென்ரோஸ் என்று பெயர்ப்பலகை.

"வாங்கப் போறீங்களா?"

"ஆமா!" என்றாள் மெரெடித், முகமெல்லாம் மலர்ந்து.

"வாங்கறதாவது! அறுபத்திரண்டு வருஷம் குடியிருக்கப் போறீங்க. குத்தகையில அவ்வளவுதான் பாக்கி. அதுக்கப்புறம் வீடு மனைக்காரனுக்கு, நிலம் அவனோடதுதானே."

"அதுக்குள்ள நாங்களே போயிடுவோமே" என்று சிரித்தான் கானர்.

"நடுவுல விக்கணும்னா? ஆயுசு கொறஞ்ச வீட்டுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? குத்தகைய நீட்டிக்கணும்னா மனைக்காரன்கிட்ட தனியா கொட்டி அழணும். மனை வாடகை வேற, பத்து வருஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பு. பராமரிப்புக் கட்டணம் ஒரு தடவையாவது கொறைஞ்சு நான் பாத்ததில்ல. அடுத்த வருஷம் கூரைய மாத்தறாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் நாப்பதாயிரம் பவுண்ட்!"

"கட்ட முடியலேன்னா?" என்றாள் மெரெடித்.

"கோர்ட்டுக்கு இழுப்பாங்க. கடைசியில வீடே போனாலும் போகும், கண்ணு."

மெரெடித்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

தாளோடு வந்து நின்றான் டாரன்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? உங்க வீட்டு வேலையப் பாத்துக்கிட்டு உள்ள இருக்க மாட்டீங்களா?"

"போடா!" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டாள் மிஸஸ் பென்ரோஸ்.

"அவங்க சொன்னது பொய்யா?" என்றாள் மெரெடித்.

"அதெல்லாம் உங்க வக்கீல்…"

"பொய்யான்னு கேட்டேன்."

டாரன் கையிலிருந்த தாளை மடித்தான். "இல்ல."

"எல்லாம் தெரிஞ்சும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னியே! உன் கூடப்பிறந்தவளா இருந்தா அவ தலையில இதைக் கட்டுவியா? வெக்கமா இல்ல?"

டாரன் தாளைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டான். கானர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

"விடு மெர். பணம் நம்மகிட்டயேதான இருக்கு? என் தங்கச்சி வயித்தை எரிக்க வேற வழி பாப்போம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், "இவனெல்லாம் ஒரு மனுஷனா!" என்று அவள் பொரிந்துகொண்டே போனது கீழ்ப்படிவரை கேட்டது.

தெருக்கதவு சாத்தப்படும் சத்தம் வந்ததும் டாரன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். உடனே திறந்தது. உள்ளே தேநீர் தயாராக இருந்தது.

"பாவம், அந்தப் பொண்ணு அழுதுட்டா" என்றாள் மிஸஸ் பென்ரோஸ். "உன்னையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டா. இந்த மாசமும் உனக்குக் கமிஷன் கிடையாது. நீயே சொல்லித் தொலைச்சா என்னடா?"

"நான் வாயத் தொறந்தா முதலாளி அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. உங்க வாய யாரால மூட முடியும்?"

"கழுதை! சரி, எல்லாத்தையும் சொல்லிட்டேனா?"

டாரன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான்.

"லிஃப்ட மறந்துட்டீங்க, அதையும் புதுசா போடப் போறாங்க, முடியற வரைக்கும் படிதான். வியாழக்கிழமை வர்றவங்க கைக்கொழந்தைக்காரங்க, அவங்ககிட்ட அதுலேர்ந்தே ஆரம்பிங்க."