ஷெரின் சாப்பிடுகிறாள்

ராயபுரத்தில் அந்த ஒற்றை அறை வீட்டின் வாசற்படியில் காலை வெயில் விழுந்திருக்கிறது. வெயிலில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் ஷெரின். அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. இன்னும் நிற்கவில்லை, பேசவில்லை. மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியாகிவிட்டது. இன்னதென்று யாரும் சொல்லவில்லை. மடியில் தட்டு, தட்டில் பிய்த்துப் போட்ட இட்லி. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு துண்டின் மேல் இறங்குகின்றன. துண்டு சட்னியில் வழுக்கி ஓடுகிறது. துறைமுக வேலைக்குக் கிளம்பி நிற்கும் அப்பா பிராங்கிளின் பொறுக்கமாட்டாமல், "ஊட்டி வுடேன் ஜானட், இன்னாத்துக்குப் புள்ளைய பேஜாரு பண்ற?" என்கிறான். "கம்முனு இரு. அதுவே துன்னும்," என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஜானட். சொன்னாளே தவிர, அவள் கையும் தட்டுவரை போய்ப் போய்த் திரும்புகிறது. நான்காவது தடவை துண்டு பிடிக்குள் நிற்கிறது. கை ஆடி ஆடி மேலே ஏறி, கன்னத்தில் முட்டி, மூக்கில் சட்னியைப் பூசி, கடைசியில் வாய்க்குள் போகிறது. ஷெரின் மென்றுகொண்டே சிரிக்கிறாள். பிராங்கிளின் பூட்ஸ் காலோடு மகள் முன்னால் குந்துகிறான். அவள் இன்னொரு துண்டை எடுத்து அவனுக்கு நீட்டுகிறாள். கை அவன் தோளைத் தாண்டிப் போகிறது. அவன் கழுத்தைத் திருப்பி, கை போன இடத்துக்கு வாயைக் கொண்டுபோகிறான்.