பேருக்குப் பின்னால்

"பொண்ணு பேருக்குப் பின்னால எல்.எல்.எம். போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார் ஏசுபாதம். கும்மிடிப்பூண்டி உருக்காலைச் சீருடையிலேயே சட்டக் கல்லூரி அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

எழுத்தர் அருணா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஜெபா எல்லா பேப்பரும் பாஸ். ஆய்வேட்டுக்கும் நல்ல மார்க். வைவா மட்டும் பாக்கி. அது முடிக்காம பட்டம் தர மாட்டாங்க."

"வைவால இன்னா கேப்பாங்க?"

"ஆய்வேட்டுல எழுதினதப் பத்தி நேர்ல கேள்வி கேப்பாங்க."

"அத்த நான் சொல்றேம்மா. கம்பெனில அடிபட்டவங்களுக்கு நஷ்டஈடு கெடைக்காதது பத்தித்தான் எழுதினா. நான் ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும் ஒவ்வொண்ணா என்னாண்ட கேட்டுக்கினு எழுதினா. எனக்கு எல்லாம் தெரியும்."

அருணா சிரித்துவிட்டாள். "அப்பா பதில் சொன்னா பொண்ணுக்கு மார்க் போடுவாங்களா? அடுத்த மாசம் மறுபடியும் வைவா இருக்கு, அவங்களயே வரச் சொல்லுங்க. நேம் போர்டு அப்புறமா மாட்டிக்கலாம்."



"போர்டு இல்லம்மா, கல்லறைக் கல்லு. ஞாயித்துக்கெழம நடணும். பேருக்குப் பின்னால எடம் உட்டு வெச்சிருக்கேன்."