வாழைக்காய் வறுவல்

முகுந்தன் வாழைக்காயை வஞ்சிரத் துண்டு போலவே நறுக்கி, மிளகாயும் சோம்பும் பூண்டும் அரைத்துப் பூசிப் பொரித்தெடுத்தான். மீனில்லாமல் சோறு இறங்காது என்று சொன்ன நிரோஷா, முதன்முறையாக அவன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள்.

கீழேயிருந்து போன் செய்தாள்.

"கேட் தொறக்கலைங்க. செவப்பு லைட்டு எரியுது."

சைவக் குடியிருப்பின் மோப்பக் கேட் அது. உடம்பில் துளி கவிச்சி இருந்தாலும் திறக்காது.

"மீன் சாப்ட்டியா?"

"ஒரு மாசமா தொடவே இல்லைங்க. அம்மா மீன் விக்கிறாங்கல்ல, வீட்டு வாசம் முடியில ஏறியிருக்கும். தலைக்கு ரெண்டு தடவ குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

வறுவலைத் தட்டில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினான். வெளியே போகத் தடையில்லை. நடைபாதையில் நின்றபடியே அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள்.

"அப்படியே வஞ்சிரம்தான்," என்று சிரித்தாள். பிறகு அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நாம வேற எங்கயாச்சும் வீடு பாக்கலாமா?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள், பிடித்த கையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவனுக்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"வலது கை," என்றது கேட். "கழுவிவிட்டு வரவும்."

பக்கத்திலேயே குழாயும் சோப்பும் இருந்தன. அவை எதற்கென்று இத்தனை வருடத்தில் அவன் யோசித்ததே இல்லை.

விளக்கு பச்சையாகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.