கைக்குள் அடங்காத மரம்

நாளைய பன்றி வேட்டைக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்று ஒரு கிழட்டு ரப்பர் மரத்தில் இரண்டு விதமாகச் சுட்டுப் பார்த்துவிட்டுத் துரை பங்களாவுக்குத் திரும்பிவிட்டார். வெடிமருந்து வாடை இன்னும் கலையவில்லை. பெம்பான் தோட்டத்துச் சாய்வெயில் மரவரிசைகளுக்குள் நீண்டு கிடக்கிறது. இருசம்மாள் தென்னை ஈர்க்கு ஒன்றை ஈயமுனைத் தோட்டா போன துளைக்குள் விடுகிறாள். ஒரு சாண் போய் முட்டி நிற்கிறது. முனையை உலோகம் மூடிய மற்றத் தோட்டாவின் துளையில் அது போய்க்கொண்டே இருக்கிறது. மரத்துக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்திருக்கும் அவள் புருஷன் சடையன், "குத்துது புள்ள" என்று சிரிக்கிறான். நாளை வேட்டையில் பன்றியைத் துரை பக்கம் விரட்டிவிட்டு, வெடிச் சத்தம் கேட்டதும் அவன் இப்படியொரு மரத்துக்குப் பின்னால்தான் பதுங்குவான். "தொர எதைப் போடுவாராம்?" என்கிறாள். "பன்னித் தோலுக்கு ஆழமாப் போறதுதான் வேணுமாம்." அவள் மரம் மரமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறாள். எல்லாவற்றிலும் விரல்கள் மறுபக்கம் கோத்துக்கொள்கின்றன. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கும் பெருமரத்தில் மட்டும், பட்டையில் கன்னத்தைப் பதித்து எவ்வளவு எட்டினாலும் விரல் விரலைத் தொடவில்லை. நெற்றிக் குங்குமத்தை வழித்து அந்தப் பட்டையில் அழுத்தி வைக்கிறாள். "நாளைக்கு இதுக்குப் பின்னால நில்லுய்யா." சடையன் பொட்டைப் பார்க்கிறான், வெறும் நெற்றியோடு நிற்பவளையும் பார்க்கிறான். சிரிப்பு போய்விடுகிறது. மரத்திலிருந்து கொஞ்சம் தொட்டெடுத்து அவள் நெற்றியில் வைத்துவிடுகிறான்.