ஆள் இருக்கும் இடம்

டாக்குரியா தமிழ்ச் சங்கக் கூடத்தில் நாற்காலிகள் அத்தனையும் காலி. மேலே மின்விசிறிகள் மட்டும் சளைக்காமல் சுற்றுகின்றன, வெளியே மழை. காரியதரிசி தணிகாசலத்துக்கு வியர்க்கிறது. கட்டடத்துக்குப் புதுக் கூரை போட அரசாங்கத்திடம் மானியம் கேட்டிருக்கிறார்கள். சங்கம் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க வந்த வங்காளி அதிகாரி பிமல் பாபு வாசலில் குடையை மடக்குகிறார். தவறாமல் வந்துவிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது வீணாகவில்லை, எல்லோரும் வந்துதான் இருக்கிறார்கள். ஆனால் பார்க்க வருகிறவருக்கு நல்ல டிபன் போட வேண்டாமா என்று மொத்தச் சங்கமும் பின்கட்டுச் சமையலறையில் அடைந்து கிடக்கிறது. “மெம்பர்ஸ் எங்கே?” என்கிறார் பிமல் பாபு. தணிகாசலம் வாயெடுப்பதற்குள், உள்ளே வடை எண்ணெயில் இறங்கும் சத்தம், சாம்பாரில் உப்பு போதுமா என்ற சண்டை, தேங்காய் துருவிக்கொண்டே கல்பனா மாமி எடுக்கும் கும்மிப்பாட்டு, அதற்குத் தாம்பாளத்தில் யாரோ போடும் தாளம். பிமல் பாபு சத்தத்தின் பின்னாலேயே போகிறார். ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மங்குகிறது. “சூடா இருக்கு, பாத்து” என்று மாமி தமிழிலேயே சொல்லி, இலைத்துண்டில் ஒரு வடையை நீட்டுகிறாள். அவர் கடிப்பதற்குள் கூரையிலிருந்து ஒரு மழைச்சொட்டு அடுப்பில், எண்ணெய்ச்சட்டிக்கு அருகே விழுந்து சுர்ரென்கிறது. வடையை வாயில் கவ்விக்கொண்டு, மடக்கிய குடையை விரித்து அடுப்புக்கு மேல் பிடிக்கிறார். பாட்டு நிற்கவில்லை. வாய் காலியானதும் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்: “தணிகா பாபு, கூரையை இங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.”