பத்துக்கு ஒன்று

"பதினோரு பேரையும் இன்னைக்கே குழி தோண்டிப் புதைச்சிடறேன். ஒருத்தனும் தப்பிக்க முடியாது."

அவர் பல்லைக் கடித்தார். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினோரு பேரும் டி.வி.க்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வருஷம் தவறாமல் புதுப் பதிப்பு வரும் கால்பந்து வீடியோ கேம் அது. பத்திரிகையில் அவர் எழுதும் விமர்சனத்தில் பத்துக்கு எத்தனை போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் கடைக்கே போவார்கள்.

போன வருஷப் பதிப்புக்கு ஒன்பதரை போட்டிருந்தார். 'இதற்குமேல் ஒரு கால்பந்து ஆட்டம் பிறக்க முடியாது' என்ற அவருடைய வரியைக் கம்பெனிக்காரர்கள் ஊரெல்லாம் போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்காரவைத்துக் கொண்டாடினார்கள்.

இந்த வருஷ விழாவில் கம்பெனியின் விளம்பர அதிகாரி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே சார்" என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். நேற்று முளைத்த பொடிசுகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அந்த அவமானம் நாலு நாளாகத் தொண்டைக்குழியில் எரிந்துகொண்டே இருந்தது.

விமர்சனத்துக்கான டிஸ்க் மட்டும் வழக்கம்போல இன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பார்சலைத் தொடவே அவருக்குப் பிடிக்கவில்லை. "நீயே பிரிச்சுப் போட்டுத் தொலை" என்று மனைவியிடம் தள்ளிவிட்டார்.

"வருஷா வருஷம் ஒரே ஆட்டம்தானேங்க வருது?"

"உனக்கு என்ன தெரியும்?"

கேம் மெஷினில் டிஸ்க் வைக்கும் தட்டு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கொண்டை ஊசியை எந்த இடத்தில் விட்டு நெம்பினால் திறக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நெம்பித் திறந்து, ஒரு டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியிடம் போய்விட்டாள்.

முகப்பு, பாட்டு, பெயர்ப் பட்டியல் எதையும் அவர் பார்ப்பதில்லை. பட்டனைப் படபடவென்று அமுக்கி நேரே மைதானத்தில் இறங்குவது இருபது வருஷப் பழக்கம்.

"பாரு இந்தக் கோல்கீப்பரை! பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிக்கிறான்."

"போன வருஷமும் இப்படித்தாங்க நின்னான்."

"உனக்கு என்ன தெரியும்? போன வருஷம் புலி மாதிரிப் பாய்ஞ்சான்."

சற்று நேரத்தில் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். "அடப்பாவிங்களா! இந்தக் கேப்டன் சிவப்பு டீமை விட்டு நீல டீமுக்குப் போய் ஆறு மாசமாச்சு. இங்க இன்னும் சிவப்புச் சட்டையிலயே ஓடறான். சட்டையைக்கூட மாத்தல, சோம்பேறிங்க!"

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"மூக்குக்கண்ணாடி விக்கிற உனக்கு இதுல என்ன தெரியும்? சும்மா இரு."

அவள் கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டு நிதானமாகத் தேய்த்தாள்.

அவர் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார். 'போன வருஷம் வைரம். இந்த வருஷம் கரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.' சிவப்புச் சட்டைக் கேப்டனின் படத்தையும் சாட்சிக்கு வைத்தார். பத்துக்கு ஒன்று போட்டார். அந்த ஒன்றும் பந்து உருண்டையாக இருப்பதற்காக என்று எழுதியபோது வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகை வெளிவந்தது. பத்து மணிக்குள் விளம்பர அதிகாரியிடமிருந்து போன். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், என்ன சார் இப்படி எழுதிட்டீங்க?" அவள் குரல் தழுதழுத்தது.

"யாருங்க பேசறது? என் லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே."

அத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம். சொல்லும்போதே நாக்கு தித்தித்தது.

"சார், எங்க கேப்டன் நீலச் சட்டையிலதான் சார் இருக்கார். நீங்க எப்படி..."

"நான் என் கண்ணால பார்த்தேம்மா. படமும் போட்டிருக்கேன். அதுல ஒரு எழுத்து தப்புன்னு நிரூபிங்க, இனிமே பேனாவையே தொடமாட்டேன். வேணும்னா இதையும் போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுங்க!"

"ஒட்டறோம் சார்" என்றாள் அவள், குரல் சட்டென்று இறுகி. போன் அணைந்தது.

அவர் காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்தார். அன்றைக்கு வாசலில் பட்டதெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று. நெஞ்சு குளிர்ந்திருந்தது.

"இப்பவாவது நான் ஒண்ணு சொல்லட்டாங்க?" என்றாள் மனைவி.

"சொல்லு, சொல்லு" என்றார் தாராளமாக.

அவள் அலமாரியைத் திறந்து, ஒரு பெட்டியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அட்டைப் படத்தில் கேப்டன் நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதை நான் இன்னும் பிரிக்கவே இல்லைங்க."